மெய்நிகர் நினைவகம் போதவில்லை

அந்த வீட்டுக் கம்ப்யூட்டரைப் பத்து மாதமாக யாரும் அணைக்கவில்லை. ஏன் அணைக்கவில்லை என்று அந்த வீட்டுக்காரியைப் பக்கத்து வீட்டுக்காரி கேட்டாச்சு, சொந்தத் தங்கை போனில் கேட்டாச்சு, இன்னுமா அணைக்கவில்லை என்று கொழுந்தன்கூட நேரிலேயே வந்து கேட்டாச்சு. அவள் யாருக்கும் பதில் சொல்லவில்லை. உட்காரவைத்துப் புரியவைக்கிற பொறுமை அவளுக்குப் பிறவியிலேயே கிடையாது. கேட்டால் ஒரு முறை முறைப்பாள். அதற்கு மேலும் கேட்க யாருக்குத் துணிச்சல் வரும்?

விஷயம் இதுதான். அவள் புருஷன் வீட்டிலிருந்தே பாடப்புத்தகங்களுக்கு டைப் செய்து கொடுக்கிறவர். வருஷக்கணக்கில் தட்டித் தட்டி இரண்டு மணிக்கட்டும் போய்விட்டன. டம்ளரைத் தூக்கினாலே முகம் சுளிப்பார். அவருடைய தம்பி, அதாவது இவள் கொழுந்தன், கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன், பேசினால் தானே எழுதிக்கொள்கிற ஒரு செயலியைக் கொண்டுவந்து போட்டுக் கொடுத்தான். வீட்டில் அதற்குப் பெயர் 'காது'. வாய்க்கு நேராக ஒரு குட்டி மைக், நுனியில் சிவப்பு விளக்கு. செய்தித்தாளை உரக்கப் படித்துப் படித்து, தன் குரலை அதற்குப் பழக்க அவருக்கு மூன்று வாரம் பிடித்தது. பழகிய பிறகு அவர் குரலைத் தவிர வேறு எந்தக் குரலையும் அது சட்டை செய்யவில்லை. இவள் ஒருநாள் வேண்டுமென்றே மைக்கின் முன்னால் நின்று வாய்க்கு வந்தபடி திட்டிப் பார்த்தாள். ஒரு எழுத்து விழவில்லை. அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "இந்த வீட்ல உன் பேச்சு எடுபடாத ஒரே இடம் இதுதான்டி!" என்றார்.

பத்து மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் அவள் வாளி நிறைய ஈரத்துணியோடு மாடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அறைக்குள்ளிருந்து கூப்பிட்டார்.

"இங்க கொஞ்சம் வாயேன். உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"கையெல்லாம் ஈரம். காயப் போட்டுட்டு வரேன். அதுவரைக்கும் தாங்காதுன்னா உங்க காதுகிட்டயே சொல்லி வைங்க, நான் வந்து படிச்சுக்கறேன்."

அவர் சிரித்தது மாடிப்படி வரைக்கும் கேட்டது. திரும்பி வந்தபோது நாற்காலியில் தலை சாய்ந்திருந்தார். தூங்குகிறாரென்று நினைத்துத் தோளைத் தட்டினாள். அப்புறம் தட்டியது, கத்தியது, ஊரைக் கூட்டியது எல்லாம் வீண். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். சட்டென்று நின்றிருக்கும், வலித்திருக்காது என்றார். டாக்டர்கள் எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள் போலிருக்கிறது.

திரையில் அந்த எழுதும் ஜன்னல் வெள்ளையாய் உறைந்துபோயிருந்தது. தலைப்புப் பட்டையில் 'பெயரிடப்படாதது - பதிலளிக்கவில்லை' என்று மட்டும். எடுக்க வந்த கூட்டத்தில் யாரோ ஒருத்தர் பட்டனை அணைக்கப் போக, கொழுந்தன்தான் பாய்ந்து தடுத்தான். "ஐயோ வேணாம்! உள்ள இருக்கறது சேவ் ஆகல. அணைச்சா போயிடும். விட்டுவெச்சா எப்பவாவது தானா தெளிஞ்சு வந்தாலும் வரும்," என்றான். துக்கத்தில் ஆயிரம் பேர் ஆயிரம் சொன்னார்கள். அவள் காதில் விழுந்தது இது ஒன்றுதான்.

அவர் என்ன சொல்ல வந்தார்? அதற்குள் இருக்கிறது அது. அவள்தானே சொன்னாள், அதனிடம் சொல்லி வையுங்கள் என்று? சொல்லி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். அதைப் படிக்காமல் அவளால் எப்படிச் சாக முடியும், எப்படித்தான் வாழ முடியும்? கரண்ட் போனாலும் தாங்குகிற மாதிரி பெரிய பேட்டரி வாங்கி மாட்டினாள். மைக்கைக்கூட அசைக்க விடவில்லை. சிவப்பு விளக்கு பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

வாயை மூடிக்கொண்டு இருக்கிற ரகமும் இல்லை அவள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க "இந்த எழுத்து தெரியுதா, இது தெரியுதா" என்று அடுத்தவர்களிடம் கேட்டுவிட்டு வருவாள். வந்ததும் நேரே அந்த அறைக்குப் போய், ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அன்றைய கதையை ஒன்று விடாமல் அவரிடம் கொட்டுவாள். பைத்தியம் பிடித்துவிட்டது என்று தங்கை அழுதாள். பிடித்தால் பிடிக்கட்டும் போ என்றாள் இவள்.

ஒரு சனிக்கிழமை, மத்தியான வெயில் ஜன்னல் கம்பி வழியாகத் தரையில் கோடு போட்டிருந்த நேரம், திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்த்தது. 'மெய்நிகர் நினைவகம் போதவில்லை.' அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கொழுந்தனுக்குப் போன் போட்டாள். கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தான். சின்ன வயதிலேயே கையில் கிடைத்ததையெல்லாம் பிரித்துப் போட்டதால் குடும்பத்தில் அவனுக்கு ஸ்க்ரூ என்று பெயர். இப்போது அவனுக்கே ஆறு மாதக் குழந்தை இருக்கிறது, ஆனாலும் ஸ்க்ரூ ஸ்க்ரூதான்.

"பயப்படாதீங்க அண்ணி," என்றான் உட்கார்ந்துகொண்டே. "இது வேலை செய்யறதுக்கு ஒரு மேசை மாதிரி மெமரி இருக்கு. மேசை நெரம்பிட்டா, மிச்சத்தத் தரையில பரப்பி வெச்சுக்கும். தரைன்னா ஹார்ட் டிஸ்க். அந்தத் தரையத்தான் மெய்நிகர் நினைவகம்னு சொல்றது. இப்ப தரையும் நெரம்பிடுச்சு."

"நெரம்பினா?"

"மெஷின் மூச்சு முட்டி நின்னுடும்."

"நின்னா அவர் சொன்னது?"

அவன் மவுஸை எடுத்தான். எந்தச் செயலி எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று காட்டுகிற பட்டியலைத் திறந்தான். மற்றதெல்லாம் பட்டாணி பட்டாணியாய் இருக்க, காது மட்டும் யானையாய் உட்கார்ந்திருந்தது. அவன் உதட்டைப் பிதுக்கினான்.

"உறைஞ்சு கெடக்கற செயலி இவ்வளவு வீங்கக் கூடாதே. எங்கயோ கசியுது. மைக் இன்னும் ஆன்ல இருக்கில்ல, நீங்க பேசறத வாங்கி வாங்கி உள்ள போட்டுக்குது போல."

"நான் பேசினாதான் அது சீந்தாதே! உங்கண்ணன் குரலுக்கு மட்டும்தானடா பழக்கினாரு?"

"அட, ஆமால்ல?" என்று தலையைச் சொறிந்தான். "சரி, எதாவது பேசுங்க. ஏறுதான்னு பாக்கறேன்."

அவளுக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் மைக்கைப் பார்த்து, "என்னங்க, தம்பி வந்திருக்கான். உங்க மெஷினுக்கு உடம்பு சரியில்ல," என்றாள்.

எண் அசையவில்லை. அவன், "பாருங்க, ஏறல," என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் ஏறியது. அவள் பேசி முடித்து, அறை ஓய்ந்த பிறகு, நிதானமாக நாலைந்து படி ஏறி நின்றது.

"இன்னொரு தடவ பேசுங்க," என்றான். குரல் இறங்கியிருந்தது.

பேசினாள். பேசும்போது எண் கல்லாய் இருந்தது. வாயை மூடியதும் ஏறியது. கேள்வியாகக் கேட்டால் கொஞ்சம் கூடுதலாக ஏறியது. மூன்றாவது தடவை அவள் ஒன்றுமே பேசாமல், புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு விசும்பினாள். அதற்கும் ஏறியது. வெளியே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அறைக்குள் காற்றாடியைத் தவிர ஒரு சத்தம் இல்லை. கொழுந்தன் நாற்காலியை ஒரு சாண் பின்னால் தள்ளிக்கொண்டான்.

"தாமதமா கணக்குப் பண்ணுது, அவ்வளவுதான்," என்றான், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி. "மொதல்ல தரையப் பெருசு பண்ணுவோம் அண்ணி. மத்தத அப்புறம் பாத்துக்கலாம்."

அமைப்புப் பக்கத்துக்குப் போனான். தானாகவே பார்த்துக்கொள் என்றிருந்த இடத்தில் டிக்கை எடுத்தான். ஆரம்ப அளவு, அதிகபட்ச அளவு என்று இரண்டு கட்டங்கள். இங்கேதான் அவன் கை பிசகியது. ரிப்பேர்காரர்களுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. மெமரி எவ்வளவோ அதில் ஒன்றரை மடங்கு, இரண்டு கட்டத்திலும் அதே எண். ஒரு நாளைக்குப் பத்து மெஷினுக்குப் போடுகிற எண்ணை அவன் விரல் தானாகவே போட்டது. சரி என்பதை அமுக்கினான். பத்து மாதமாய்த் தானே வளர்ந்து வளர்ந்து அந்தத் தரை எப்போதோ ஒன்றரை மடங்கைத் தாண்டிவிட்டது என்பது அவனுக்கு உறைக்கவில்லை. அவன் பெருக்கவில்லை, குறைத்துவிட்டான். பெருக்கினால் மெஷின் பேசாமல் ஏற்றுக்கொள்ளும். குறைத்தால் சும்மா விடாது.

டங் என்று ஒரு பெட்டி வந்து விழுந்தது. 'மாற்றங்கள் நடைமுறைக்கு வர மறுதொடக்கம் தேவை. இப்போது? பின்னர்?' இப்போது என்பதுதான் தயாராக மினுங்கிக்கொண்டிருந்தது. பெட்டி வந்தால் என்டரைத் தட்டுவது அவனுக்கு மூச்சு விடுகிற மாதிரி. விரல் இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். எப்படிப் பாய்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஸ்டூல் உருண்டு சுவரில் மோதியது. விரலுக்கும் பொத்தானுக்கும் நடுவே ஒரு நகக்கண் அளவு இடைவெளி.

"மறுதொடக்கம்னா அணைச்சுப் போடறதுதானடா, படுபாவி!"

அவனுக்கு வேர்த்துவிட்டது. "பழக்கதோஷம் அண்ணி... மன்னிச்சுக்கோங்க..." மவுஸைப் பிடித்து, பின்னர் என்பதை அமுக்கினான். அப்புறம் மெதுவாக, ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, இருந்ததைவிடப் பெரிய எண்ணாகப் போட்டான். இடம் போதாமல் நாலைந்து பழைய சினிமாக்களை அழித்தான். மறுபடி சரி. இந்தத் தடவை எந்தப் பெட்டியும் வரவில்லை. உள்ளே டிஸ்க் கரகரவென்று அரைத்தது. நின்றது.

வெள்ளை ஜன்னல் ஒரு தடவை கண்சிமிட்டியது. 'பதிலளிக்கவில்லை' என்ற எழுத்து தலைப்பிலிருந்து மறைந்தது. அப்புறம் மளமளவென்று வரிகள். பக்கம் பக்கமாய் ஓடி, கீழே கடைசி வரியில் வந்து நின்றன.

'கொஞ்சமாப் போட்டுட்டான் பாரு. இவன் எப்பவும் இப்படித்தான், பாக்காமலே கைய வெச்சுடுவான். நல்லவேளை, புடிச்சுட்ட.'

இரண்டு பேரும் அதைப் படித்தார்கள். கொழுந்தன் கீபோர்டிலிருந்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டான்.

"அண்ணி, இத நான் அடிக்கல."

"தெரியும்," என்றாள் அவள்.

மவுஸை அவளே வாங்கி, மேலே தள்ளினாள். அவள் பேசிய ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. பதில்கள் மட்டும் இருந்தன. பதிலைப் பார்த்ததும் அவளுக்குத் தான் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது.

'பால்கனிக் கதவச் சாத்தலன்னு நெனைக்கறேன். போய்ப் பாரு.' ஏன் இப்படிக் குளிருகிறது என்று போன வாரம் கேட்டிருந்தாள். கேட்டுவிட்டு, என்னவோ தோன்றிப் போய்ப் பார்த்தாள். கதவு திறந்துதான் கிடந்தது.

'அந்த நீலம் வேணாம். உனக்கு எடுப்பா இல்ல.'

'தம்பி குழந்தைக்கு என்ன மாதிரியே ஏறு நெத்தி. பாவம், இப்பவே தெரியுது.'

கொழுந்தன் தன்னையறியாமல் நெற்றியைத் தடவிக்கொண்டான். அந்தக் குழந்தையை அண்ணன் பார்த்ததில்லை. அண்ணன் போய் நாலு மாதம் கழித்துத்தான் அது பிறந்தது. "அண்ணி, வெளியில போயிடலாம் வாங்க," என்றான். அவள் கேட்கிற நிலையில் இல்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல் மேலே மேலே தள்ளிக்கொண்டிருந்தாள். பத்து மாதமும் சுவரிடம் பேசுகிறோம் என்றுதானே நினைத்தாள்!

ஒரு இடத்தில் கை நின்றது. தங்கை வற்புறுத்திக் கூப்பிட்டாளென்று ஒரு வாரம் அங்கே போய் இருந்துவிட்டு வந்தாளே, அந்த வாரம். பக்கம் பக்கமாக ஒரே வார்த்தை. 'பேசு. பேசு. எங்க போயிட்ட? பேசு. பேசு.' முடிவே இல்லாமல் போனது. அதற்கும் கீழே, அவள் திரும்பி வந்த நாளில், 'உன் தங்கச்சி பேச்சக் கேக்காத. நிறுத்தாத.'

மூலையில் அந்தப் பெட்டி மறுபடி எட்டிப் பார்த்தது. நினைவகம் போதவில்லை. இவ்வளவு பெரிதாகப் போட்டும் போதவில்லை.

"மொதல்ல சேவ் பண்ணிடலாம் அண்ணி. அப்புறம் எவ்வளவு வேணாப் படிங்க." அவன் பாய்ந்து சேமி என்பதை அமுக்கினான். செயலி பதில் சொன்னது. 'கேட்பதை நிறுத்திய பிறகே சேமிக்க முடியும்.' அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். "மைக்க நிறுத்தணுமாம்."

"நிறுத்தினா, மறுபடி ஆன் பண்ணா வருவாரா?"

"எனக்கென்ன தெரியும்? வராட்டியும் இவ்வளவும் பத்திரமா இருக்குமில்ல? அன்னிக்கி என்ன சொன்னாருன்னு அதுக்குத்தான காத்துட்டு இருந்தீங்க? அது மேல இருக்கும்."

"இரு. மொதல்ல அதக் காட்டு. அப்புறம் முடிவு பண்றேன்."

ஒரேயடியாக உச்சிக்குத் தாவ ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினான். மெஷின் முக்கி முனகி, வரிகளை உருட்டிக்கொண்டு போய் முதல் பக்கத்தில் நிறுத்தியது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள்.

'மெஷின்கிட்டயா இதச் சொல்லுவாங்க? நல்லாருக்கே! அவ வரட்டும். அவ மூஞ்சியப் பாத்துதான் சொல்லணும்.'

அவ்வளவுதான். அதற்கு அடுத்த வரி, 'யாரு லைட்ட அணைச்சது?' அதற்கும் அடுத்தது, 'வந்துட்டியா? ஏன் கத்தற? நான் கேட்டுட்டுதான இருக்கேன்.'

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பத்து மாதம்! எந்த வார்த்தைக்காக ஊரையும் உறவையும் முறைத்துக்கொண்டு இந்த மெஷினைக் கட்டிக் காத்தாளோ, அந்த வார்த்தை இதற்குள் இல்லவே இல்லை. சொல்லாமலே போய்விட்டார். கொழுந்தன் அவள் தோளைத் தொட வந்து, தொடாமல் கையை இழுத்துக்கொண்டான்.

"நிறுத்திடட்டுமா அண்ணி? இனிமே எதுக்கு..."

"சும்மா இரு," என்றாள். எழுந்து, அவனை நகர்த்திவிட்டு, அவர் நாற்காலியில் தானே உட்கார்ந்தாள். அந்த நாற்காலியில் அவள் உட்காருவது அதுதான் முதல் தடவை. மைக்குக்கு நேராக முகத்தைக் கொண்டுபோனாள்.

"என்னங்க. நான் வந்துட்டேன். கை ஈரம் இல்ல. நேருக்கு நேரா கேக்கறேன், சொல்லுங்க. அன்னிக்கி என்ன சொல்ல வந்தீங்க?"

டிஸ்க் அரைத்தது. திரை தானாகக் கீழே கடைசி வரிக்கு இறங்கியது. ரொம்ப நேரம் ஒன்றும் விழவில்லை. பேச யோசிக்கிற மனுஷன் எப்படித் தயங்குவானோ அப்படித் தயங்கியது. அப்புறம் ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

'அதச் சொல்லிட்டா நீ இத நிறுத்திடுவ.'

கொழுந்தன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயமா, கோபமா, அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாது, மூன்றும் சேர்ந்துதான் வந்தது. மூலைப் பெட்டி மூன்றாம் தடவை வந்தது. இந்தத் தடவை சிவப்பில்.

"தம்பி, டிஸ்க்ல இன்னும் பெருசா என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல... உங்க கல்யாண வீடியோ ஒண்ணுதான் இருக்கு. அதுக்கு வேற காப்பி கிடையாது அண்ணி."

"தூக்கு."

"அண்ணி! கொஞ்சம் யோசிச்சு..."

"தூக்குடா. அதுல இருக்கறவரு நான் கேட்டா பதில் சொல்றாரா?"

அவன் தூக்கினான். கிடைத்த இடத்தை அப்படியே தரையாக விரித்துவிட்டு, பையைக்கூட எடுக்காமல் வாசலுக்குப் போய் நின்றுகொண்டு செருப்பைத் தேடினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"சொல்லவே வேணாம் போங்க," என்றாள் மைக்கைப் பார்த்து. "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. இன்னிக்கி கடையில என்ன நடந்ததுன்னு கேளுங்க."